24,000 பேர் குறைந்த ஊரில் வீட்டுக்குத் தட்டுப்பாடு: ஸ்பிரிங்ஃபீல்டில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரம் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2024 செப்டம்பரில் நடந்த அதிபர் தேர்தல் விவாதத்தில், அங்குள்ள குடியேறிகள் செல்லப்பிராணிகளைச் சாப்பிடுவதாக டோனல்ட் டிரம்ப் சொன்னார். அதற்கு ஆதாரமில்லை என்று நகர அதிகாரிகள் மறுத்தனர்.

அந்தக் கூச்சலில் அமுங்கிப்போன விவகாரம் ஒன்று உண்டு: வீடு.

எவ்வளவு பெரிய ஊர்?

ஸ்பிரிங்ஃபீல்ட் பெருநகர வட்டாரம் என்பது கிளார்க் கவுன்ட்டி மட்டும்தான். பரப்பளவில் சிங்கப்பூரைவிடப் பெரியது. ஆனால் 2020 கணக்கெடுப்பின்படி அங்கு வசித்தோர் சுமார் 136,000 பேர். நகருக்குள் 58,662 பேர்.

1960இல் நகரில் ஏறக்குறைய 82,700 பேர் இருந்தனர். ஆலை வேலைகள் குறையக் குறைய ஆட்களும் குறைந்தனர். வருமானமும் சரிந்தது. 1999க்கும் 2014க்கும் இடையில் அந்த வட்டாரத்தின் இடைநிலைக் குடும்ப வருமானம் 27 விழுக்காடு இறங்கியதாக பியூ ஆய்வு நிலையம் கணக்கிட்டது. ஆய்வு செய்யப்பட்ட அமெரிக்கப் பெருநகர வட்டாரங்களில் ஆக மோசமான சரிவு அதுதான்.

பின்னர் புதிய நிறுவனங்கள் வந்தன. வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஹெயிட்டி நாட்டவர் வரத் தொடங்கினர். 4 ஆண்டில் 15,000 முதல் 20,000 பேர் வந்ததாக நகர நிர்வாகி பிரையன் ஹெக் 2024 ஜூலையில் செனட்டர்களுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார்.

சரி, போனது 24,000 பேர். வந்தது 20,000. இடம் இருக்கணுமே?

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 1960இல் அமெரிக்கக் குடும்பம் ஒன்றில் சராசரியாக 3.3 பேர். இப்போது சுமார் 2.5 பேர்தான். அந்தச் சராசரியை வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள். அன்றைய 82,700 பேருக்கு ஏறக்குறைய 25,000 வீடுகள் தேவை. 2020இல் இருந்த 58,662 பேருக்கோ 23,000க்கும் மேல்! ஆட்கள் கால்வாசிக்கு மேல் குறைந்தும் வீட்டுத் தேவை அதே அளவுக்குக் குறையவில்லை.

காலியாகக் கிடந்த வீடுகளும் அப்படியே காத்திருக்காது. பெரும்பாலும் பழைய மரவீடுகள். கூரை ஒழுகும், குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். சில ஆண்டு பூட்டிக் கிடந்தால் இடிப்பதுதான் மலிவு.

அப்போ புதுசா கட்டலாமே என்று கேட்பீர்கள். வீட்டு விலை அடிமட்டத்தில் இருக்கும் ஊரில், கட்டும் செலவு விற்கும் விலையைத் தாண்டிவிடும். எந்தக் கட்டுமான நிறுவனம் வரும்? மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் 2,000 வீடுகள் தயாராகும் என்றும் அதுவும் போதாது என்றும் ஹெக்கின் கடிதம் சொன்னது.

அடி யாருக்கு?

சம்பளம் வாங்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்தால், ஒற்றைத் தாயைவிடக் கூடுதல் வாடகை கொடுக்க முடியும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மத்திய அரசாங்கம் தரும் வாடகை உதவிக்கு உச்சவரம்பு உண்டு. வெளியில் அதைவிட அதிக வாடகை கிடைத்தால் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் போவார்? உள்ளூர்க்காரர்களின் கோபத்துக்கு வாடகையும் ஒரு முக்கியக் காரணம். வதந்தி அதன்மேல் ஏறிக்கொண்டது.

இணையத்தில் ஊரின் புள்ளிவிவரத்தைத் தேடினால் இதெல்லாம் பளிச்சென்று தெரியாது. 65,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை வழக்கமான முழு ஓராண்டு மதிப்பீட்டை வெளியிடுவதில்லை, பெரும்பாலும் ஐந்தாண்டுத் தொகுப்புதான். மலிவான பழைய ஆண்டுகளும் புதிய ஆண்டுகளும் கலந்துவிடும். இன்றைய வாடகையைவிட அந்த எண் சாதுவாகத்தான் தெரியும்.

இனி?

ஹெயிட்டி நாட்டவரில் பலர் தற்காலிகப் பாதுகாப்புத் தகுதியில் தங்கியிருந்தனர். அதுதான் அவர்களின் வேலை அனுமதிக்கும் அடிப்படையாக இருந்தது. அதை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக டிரம்ப் அரசாங்கம் 2025இல் அறிவித்தது. விவகாரம் நீதிமன்றம் போனது. அவர்கள் நல்ல ஊழியர்கள் என்று நிறுவனங்கள் தம்மிடம் சொன்னதாக ஒஹாயோ ஆளுநர் மைக் டிவைன் எழுதியிருந்தார். அவர் பிறந்ததும் ஸ்பிரிங்ஃபீல்டில்தான்.

வாடகைக்கு இருப்பவர்கள் அடுத்த ஆண்டும் இருப்பார்களா என்று தெரியாதபோது, அந்த 2,000 வீடுகளுக்கு மேல் இன்னும் கட்ட யார் பணம் போடுவார்?