மிக்ஸியும் மரங்கொத்தியும்

எங்க வீட்ல மிக்ஸி ஓடினா மீடியம் வேவ் ரேடியோ காலி. ஒரே 'கர்ர்ர்'தான். மோட்டார்ல இருக்கற கார்பன் பிரஷ் விடற தீப்பொறியோட வேலை அது. "நல்ல ஃபில்டரா போட்டா சரியாயிடும்"னு நினைச்சிட்டிருந்தேன். எஞ்சினியரிங் முடிச்ச பிறகும் ரொம்ப நாள் அப்படியே நம்பினேன்னு சொல்ல வெக்கமாத்தான் இருக்கு :-)

விஷயம் என்னன்னா, இந்த மாதிரி வெட்டி வெட்டி வர்ற இரைச்சலுக்கு ஃபில்டர் மருந்தே இல்லை, பல நேரம் அதுதான் வியாதி. ஒரு தீப்பொறித் துடிப்பு ஒரு மைக்ரோ செகண்ட் இருக்குன்னு வச்சுக்குங்க. அதை 500 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஃபில்டருக்குள்ள விட்டா, தட்டின வெங்கல மணி மாதிரி ஃபில்டர் அதிர்ந்து, வெளிய வரும்போது சுமார் 2 மில்லி செகண்டுக்கு நீண்டுடும். கிட்டத்தட்ட 2000 மடங்கு! ஊசியா போனது உலக்கையா வருது. அதுக்கடியில மாட்டின மெல்லிய சிக்னல் அவ்வளவுதான்.

ஜேம்ஸ் லாம்ப்ங்கற அமெரிக்கர் 1936லயே வழி சொல்லிட்டார். துடிப்பு ஒல்லியா இருக்கும்போதே, குறுகின ஃபில்டருக்கு முன்னாடியே, ரிசீவரை ஒரு கணம் ஊமையாக்கிடணும். அந்தச் சின்ன இடைவெளி காதுக்குத் தெரியவே தெரியாது. 1976ல சோவியத்தோட துகா ராடார் சிற்றலையில நொடிக்கு 10 தரம் 'டக் டக்'னு கொத்த ஆரம்பிச்சப்போ (மரங்கொத்தின்னே பேர் வச்சாங்க, 1989 வரைக்கும் கொத்துச்சு) ஹாம் ரேடியோக்காரங்க நம்பினது இந்த வித்தையைத்தான். அதோட துடிப்பு அகலம்கறதால, சில ரிசீவர்கள்ல அதுக்குன்னே தனி பொத்தான்கூட வந்தது.

இதுலயும் குறை உண்டு. பக்கத்து அலைவரிசையில பலமான நிலையம் இருந்தா, அதையும் இரைச்சல்னு நினைச்சு நம்ம சிக்னலையே கொத்திப் போட்டுடும். அதனால அணைச்சு வைக்க ஒரு பொத்தான் கட்டாயம் வேணும்.

எனக்குக் கடுப்பு எங்கேன்னா, நம்ம மென்பொருள் ஆசாமிங்க (நானும்தான்) "அதெல்லாம் பின்னாடி டி.எஸ்.பி.ல பாத்துக்கலாம் மச்சி"ன்னு சொல்றது. குறுகின ஃபில்டரைத் தாண்டி இழுபட்டு வந்ததைப் பின்னாடி என்னத்தைப் பாக்கறது? அகலமா சாம்பிள் எடுத்து, முதல்ல வெட்டிட்டு, அப்புறம் ஃபில்டர் பண்ணுங்க. அப்ப மென்பொருள்லயே பிரமாதமா செய்யலாம். வரிசைதான் முக்கியம், கோடு எத்தனை வரிங்கறது இல்லை.

இதெல்லாத்தையும் விட சுலபம், மிக்ஸிக்குள்ளயே இதுக்குன்னு இருக்கற கெபாசிட்டரைப் போட்டு, தீப்பொறி இரைச்சலைப் பிறந்த இடத்துலயே அடக்கறது. எங்க மிக்ஸியைப் பிரிச்சுப் பாக்கலாம்னா அம்மா விடமாட்டேங்கறாங்க. ரேடியோவை அணைச்சுட்டுப் போடாங்கறாங்க.