கல்யாணப் பட்டும் செப்புக் கம்பியும்

அரியலூரிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பெண், பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக மின்சார மோட்டார் செய்கிறாளாம். பத்து நாளாக வீட்டில் ஓர் ஊக்கு மிச்சமில்லை. சுவர்க் கடிகாரத்தில் பாட்டரி இல்லை. மோட்டாரோ சுற்றுகிறபாடாய் இல்லை. "பெண் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை? ஷாக் அடித்து வைக்கப் போகிறது" என்று மாமியார் தினமும் முணுமுணுக்கிறார். கண்காட்சி அடுத்த வாரம். பெண் ராத்திரி அழுதுகொண்டே தூங்குகிறாள். "தூக்கிப் போட்டுவிட்டுப் பாடத்தைப் படி என்று சொல்லி விடட்டுமா?" என்பது தாயாரின் கேள்வி.

வேண்டவே வேண்டாம், அம்மா. முதலில் பெரியவருக்குச் சமாதானம் சொல்லி விடலாம். கடிகாரத்துக்குப் போடுகிற பாட்டரி ஒன்றரை வோல்ட்டுதான். அதைத் தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் மோட்டார் சுற்றாமல் நிற்கும்போது இணைப்பை எடுக்காமல் விட்டால் கம்பியும் பாட்டரியும் கொதிக்கிற மாதிரி சுடும். கை சுட்டுக்கொண்டால் மாமியார் வாயை யார் மூடுவது? ஆகவே, சுற்றவில்லையென்றால் உடனே கழற்றிவிட வேண்டும். சுவர்ப் பிளக்கில் சொருகிப் பார்க்கிற ஆசை மட்டும் எந்தக் காரணத்தாலும் கூடாது. இப்போது கடைகளில் விற்கும் சின்னஞ்சிறு வெள்ளிநிறக் காந்தங்களைக் கைக்குழந்தை இருக்கிற வீட்டில் கீழே போட்டு வைக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பெரிய ஆபத்தாகி விடும். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வட்டக் காந்தமே போதும்.

இனி, மோட்டார் ஏன் சுற்றவில்லை? பெண்ணை ஒரு பரீட்சை செய்து பார்க்கச் சொல்லுங்கள். இணைத்த சில விநாடிகளில் கம்பிச் சுருளைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறதா? இல்லையென்றால் மின்சாரமே ஓடவில்லை. செப்புக் கம்பியின் மேல் வார்னிஷ் பூச்சு இருக்கிறது. பார்வைக்குச் செம்பு மாதிரியே பளபளக்கும். ஆனால் மின்சாரத்தை விடாது. இரண்டு முனைகளிலும் அதைச் சுரண்டியாக வேண்டும்.

வெதுவெதுப்பு இருந்தும் சுருள் துடித்துத் துடித்து நின்று போகிறதா? அப்படியானால் அவள் ரொம்ப நன்றாகச் சுரண்டியிருக்கிறாள் என்று அர்த்தம்! இரண்டு முனையையும் முழுக்கச் சுரண்டிவிட்டால், முதல் அரைச் சுற்றில் முன்னே தள்ளுகிற காந்தமே மறு அரைச் சுற்றில் பின்னே இழுக்கும். ஒரு முனையை முழுக்கவும், மறு முனையைப் பாதிப் பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். சுருளை நிமிர்த்திப் பிடித்து, மேலே தெரிகிற பக்கத்தை மட்டும் சுரண்டி, அடிப்பக்கத்துப் பூச்சை அப்படியே விட்டுவிட்டால், பாதிச் சுற்றுக்கு மின்சாரம், பாதிச் சுற்றுக்கு ஓய்வு. ஓய்வு நேரத்தில் வந்த வேகத்திலேயே சுருள் சுற்றிக்கொள்ளும். இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் ராட்டினம் ஒருக்களித்த கதைதான். தொடக்கத்தில் விரலால் லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும்.

கம்பிக்கு எங்கே போவது என்கிறீர்களா? பக்கத்துப் பெரம்பலூர்ச் சீமை, சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற கிணற்றுப் பாசனப் பூமி. கிணற்று மோட்டார் புகைந்து போனால் விவசாயி ஓடுவது காயில் கட்டுகிற கடைக்குத்தான். அங்கே போய்ப் பிள்ளைகள் கேட்டால் இரண்டு முழம் துண்டுக் கம்பி தரமாட்டேன் என்று சொல்லுகிற மனுஷர் அபூர்வம். போகிற போக்கில் பிளேடால் சுரண்டுகிற லாகவத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

நம் கோவை ஜி. டி. நாயுடு (1893-1974) பள்ளிக்கூடத்தில் அதிகம் உட்காராதவர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பூட்டியே யந்திரம் கற்றவர். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அவரும் சேர்ந்து உள்நாட்டிலேயே மின்சார மோட்டார் செய்தார்கள். அந்தக் கோவையிலிருந்துதான் பிறகு ஊர் ஊராகக் கிணற்று மோட்டார்கள் போயின.

ஆனால் மாமியாருக்குச் சொல்ல வேண்டிய கதை வேறே. அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற மாகாணத்தில் தாமஸ் டேவன்போர்ட் என்று ஒரு கொல்லர். இரும்புத் தாதைப் பிரிக்கிற ஒரு மின்காந்தத்தைக் கண்டு பித்துப் பிடித்து, சகோதரருடைய நல்ல குதிரையைக் கொடுத்து மட்டமான குதிரையும் ரொக்கமுமாக வாங்கி, அந்தப் பணத்தில் காந்தத்தை வாங்கி வந்தாராம். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். எந்தப் பெண்டாட்டிக்கும் வயிறு எரியத்தானே செய்யும்? எமிலி அம்மாள் காகிதமும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பி எப்படிச் சுற்றியிருக்கிறது என்று ஒவ்வொரு சுற்றாய் எழுதி வைத்தாள். அந்தக் காலத்தில் வார்னிஷ் கம்பி கிடையாது. சுற்றுக்குச் சுற்று கம்பி ஒட்டாமலிருக்கப் பட்டுத் துணி தேவைப்பட்டது. கொல்லன் வீட்டில் பட்டு ஏது? தன்னுடைய கல்யாணப் பட்டு உடுப்பை நாடா நாடாகக் கத்தரித்துக் கொடுத்தாள் என்கிறார்கள். 1834-ல் மோட்டார் சுற்றியது. 1837-ல் அதற்கு அமெரிக்கப் பேடன்டும் கிடைத்தது. பணம் மட்டும் வரவில்லை. 1851-ல் டேவன்போர்ட் ஏழையாகவே இறந்தார். காப்புரிமைப் பத்திரத்தில் எமிலியின் பெயர் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே பாட்டியம்மாள் பயப்பட வேண்டாம். பேத்தி கூறைப் புடவையைக் கேட்க மாட்டாள். இரண்டு ஊக்கு, ஒரு ரப்பர் வளையம், புது பாட்டரி ஒன்று. அதோடு, முனையைப் பாதி மட்டும் சுரண்டும்போது கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஜோடிக் கை வேண்டும். அது பாட்டியினுடையதாகவே இருக்கட்டுமே!