ஆமை முட்டையும் மணலின் ஈரலிப்பும்

கடலாமைக் காப்பகங்களைப் புகழ்வோர் பெரும்பாலும் எண்ணிக்கையையே பேசுகின்றனர். எத்தனை முட்டைகள் புதைக்கப்பட்டன, எத்தனை குஞ்சுகள் கடலில் விடப்பட்டன என்பனவே சாதனையின் அளவுகோல்களாகிவிட்டன. விடப்பட்ட குஞ்சு எத்தகையது என வினவுவார் அரியர். இது விஞ்ஞானமன்று, வெறுங் கணக்கேயாகும்.

கோழி முட்டையின் ஓடு சுண்ணாம்பால் இறுகியது. கடலாமை முட்டையின் ஓடோ தோல்போல் வளைந்து கொடுப்பது. சூழவுள்ள மணலிலிருந்து நீரைப் பெறவும் அதற்கு நீரை இழக்கவும் வல்லது. இத்தகைய மென்னோட்டு முட்டையிடும் வட அமெரிக்க நன்னீராமையொன்றை வைத்து 1980களில் கரி பக்கார்டும் உடனுழைத்தோரும் நடத்திய ஆய்வுகள் ஒரு தெளிவைத் தந்தன. ஈரலிப்பு மிக்க சூழலிற் பொரித்த குஞ்சுகள் பெரியனவாயிருந்தன. வறண்ட சூழலிற் பொரித்தவை சிறுத்தும், பயன்படாத மஞ்சட்கருவை மிகுதியாகக் கொண்டும் வெளிவந்தன. ஈரத்தில் வளர்ந்தவை ஓட்டத்திலும் நீச்சலிலும் விரைவுடையன என்பதும் 1987இல் வெளியிடப்பட்டது. நண்டும் பறவையும் காத்திருக்கும் கரையைக் கடக்கவேண்டிய குஞ்சுக்கு விரைவே உயிரன்றோ?

நன்னீராமையின் முடிபுகள் கடலாமைக்கு அப்படியே பொருந்துமெனத் துணிதல் அவசரமாகலாம். ஆயின், ஈரத்தைப் பொருட்படுத்தவே வேண்டாவெனத் துணிதல் அதனினும் பெரும் பேதைமை.

வெப்பநிலையே போதும் என்பாருமுளர். ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேற்படின் பெண்ணும் கீழ்ப்படின் ஆணும் மிகும் என்பது உண்மையே. ஆனால் மழை மணலைக் குளிர்விக்கின்றது. ஈரம் ஆவியாகையிலும் வெப்பம் குறைகின்றது. எனவே ஈரத்தை விலக்கி வெப்பத்தை விளக்க முயல்வது அரைகுறை விளக்கமே. மிகையான நீரும் கேடுதான். அவுஸ்திரேலியாவின் ரெயின் தீவிற் பேராமைக் கூடுகள் நீரில் மூழ்கியதால் முளையங்கள் மடிய, கரையின் மணலையே உயர்த்த நேர்ந்தது.

இலங்கைக் கரைகளில் ஐவகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. முட்டைகளை இருந்தவிடத்தில் விட்டால் நாயும் மனிதனும் அகழ்வர் என்ற வாதம் பொய்யன்று. ஆயினும் றெக்கவையிற் கூடுகளை இருந்தவிடத்திலேயே காவல்செய்து காத்தமை மாற்றுவழி உண்டென்பதைக் காட்டியது. இடம்பெயர்த்தே ஆகவேண்டுமெனின், இட்ட சில மணி நேரத்துள், புரட்டாது, தாய் தோண்டிய ஆழத்திலும் அம்மணலுக்கொத்த ஈரலிப்பிலும் புதைத்தல் வேண்டும். வேலியிட்ட வறண்ட மணலிற் புதைத்துவிட்டு, பொரித்தவற்றை எண்ணிப் பெருமை கொள்வது காப்பாகாது.

தாயாமை இடந்தேடிக் கரையேறித் தோண்டுவது வீண்செயலன்று. அத்தேர்வை மாற்றத் துணிபவர் முதலில் மணலைத் தொட்டுப் பார்ப்பாராக.