பாக்டாவும் பல்லி வாலும்

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. கண்ணாடித் தொட்டிக்குள் ஒருவன் வாயில் குழாயோடு மிதக்கிறான். அழுகிய சதையைத் திரும்ப வளர்க்கும் அமெரிக்க ஜெல்லாம், காலை வெட்ட வேண்டாமாம். கீழே ஒரு போன் நம்பர். 17 பேர் கும்பிடு போட்டிருந்தீர்கள். என் பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது ஸ்டார் வார்ஸ்" என்று சிரித்தான்.

1980இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படம். பனிக்கோளில் மிருகம் அடித்துப்போட்ட லூக்கை அந்தத் தொட்டியில் இறக்குவார்கள். ரணத்தை ஆற்றும் அந்தத் திரவத்துக்கு பாக்டா என்று பெயர். பேரனோடு உட்கார்ந்து முழுப் படமும் பார்த்தேன் (நடுவில் தூங்கவில்லை என்று சொல்ல மாட்டேன்). கடைசியில் லூக்கின் வலது கை வெட்டுப்படுகிறது. பாக்டாவில் முக்கிக் கையை வளர்த்தார்களா? இல்லை. இயந்திரக் கையைத்தான் பொருத்துகிறார்கள். கிரகம் விட்டுக் கிரகம் தாவும் கதையை எழுதியவனுக்கு இருந்த கூச்சம்கூட இந்த ஜெல்காரனுக்கு இல்லை.

"பல்லிக்கு வால் வளருதே சார்" என்று வகுப்பில் கேட்டவர்கள் இன்று பேரப்பிள்ளை எடுத்திருப்பீர்கள். என் பதில் மாறவில்லை. பல்லியின் புது வாலில் எலும்புக் கணுக்கள் கிடையாது, வெறும் குருத்தெலும்புக் குழாய்தான். மெக்சிகோவின் ஆக்சலாட்டில் முழுக் காலையே வளர்த்துக்கொள்ளும். நமக்கு, வெட்டிக் கொடுத்த கல்லீரல் பெருகும். சின்னக் குழந்தையின் விரல் நுனி, நகத்தடி மிஞ்சியிருந்தால் ஓரளவு வளரும். பாதம் வளராது.

"நம்பிக்கைதானே மாமா, அதில் என்ன தப்பு?" என்று மருமகன் ஒருவர் கேட்டிருந்தார். சொல்கிறேன். என்னிடம் படித்தவன் ஒருவன், லாரி ஓட்டுகிறவன், சர்க்கரைக்காரன். செருப்பு கடித்துப் பாதத்தில் புண். இதே மாதிரி ஒரு ஜெல்லை மூன்று வாரம் தடவினான். வலியே தெரியவில்லை, மருந்து வேலை செய்கிறது என்று என்னிடமே போனில் சொன்னான். வலி தெரியாதது மருந்தின் மகிமை இல்லை. சர்க்கரையில் நரம்பு மரத்துப்போகும், காலுக்கு ரத்த ஓட்டம் குறையும், புண் உள்ளுக்குள் ஓடும். அதைக் கேட்கும்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அந்தக் குற்றவுணர்ச்சியும் இந்தக் கோபத்தில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவன் இழந்தது ஜெல்லுக்குக் கொடுத்த காசு இல்லை மாப்பிள்ளை, அந்த மூன்று வாரம்.

இப்போது ஜெய்ப்பூர் கால் போட்டிருக்கிறான். 1968இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கலாம், குந்தி உட்காரலாம், சேற்று வயலிலும் இறங்கலாம். அதைப் பற்றி ஒரு வீடியோகூட நம் குழுவில் யாரும் போட்டதில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள். புண் இருந்தால் மறுநாளே டாக்டரிடம் போங்கள்.

அந்த வீடியோவைப் போட்ட தம்பிக்கு: இதை எழுதும் நேரம்வரை அது குழுவில்தான் கிடக்கிறது. முதலில் அதை எடு. அப்புறம் என்னோடு சண்டைக்கு வா.