ஃபில்டர்ல 1,500, பில்லுல 1,758

போன ஐபிஎல் சீசன்ல என் சித்தி பையன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, "அண்ணா, இது என்ன கணக்கு?"ன்னு கேட்டான். கள்ளக்குறிச்சியில ஒரு கம்பெனியில வேலை பார்க்குறான். கைக்கு வர்ற சம்பளம் 24,000 ரூபாய். ஒரு டிக்கெட் ஆப்ல அதிகபட்ச விலை 1,500 ரூபாய்னு ஃபில்டர் போட்டு, 1,499 ரூபாய் டிக்கெட் ரெண்டு எடுத்திருக்கான். ஒண்ணு அவனுக்கு, இன்னொண்ணு கூட வேலை பார்க்குற வெள்ளிமலை நண்பனுக்கு. 2,998 வரணும். பணம் கட்டுற பக்கத்துல வந்தது 3,517.

கூட்டல்ல தப்பு இல்ல. டிக்கெட்டுக்கு 220 ரூபாய் வீதம் கன்வீனியன்ஸ் ஃபீ 440, அதுக்கு 18% ஜிஎஸ்டி 79. ஆக ஒரு டிக்கெட் 1,758 ரூபாய். ஒரு ஆடிட்டரா பார்த்தா பில் சரி. ஆனா ஃபில்டர் பொய் சொல்லியிருக்கு. 1,500க்கு மேல போக எனக்கு வசதி இல்லன்னு அவன் முதல்லயே சொல்லிட்டான். ஆப் அதைக் கேட்டுக்கிட்ட மாதிரி நடிச்சு, 1,758 ரூபாய் டிக்கெட்டைத்தான் காட்டியிருக்கு. மேல டைமர் வேற ஓடுது. திரும்பிப் போனா சீட் போயிடும்ங்கற பயத்துல கட்டிட்டான். நானா இருந்தாலும் கட்டியிருப்பேன், அதையும் சொல்லிடறேன்.

விளையாட்டு ரசிகர்களுக்கான ஆப்களோட தேடலையும் ஃபில்டரையும் மாத்தி அமைக்கணும்னு நிறைய பேர் பேசறாங்க. பெரும்பாலும் டிசைன் பத்தின பேச்சு: பட்டன் எங்க இருக்கணும், டீம் லோகோ எவ்வளவு பெருசா தெரியணும். என்னைக் கேட்டா முதல்ல மாத்த வேண்டியது ஒரு விஷயம்தான். விலை ஃபில்டர் கடைசியா நாம கட்டப் போற தொகையை வெச்சு வேலை செய்யணும். ஃபீ எவ்வளவுன்னு அந்த ஆப்புக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் கடைசி பக்கத்துல காட்டறதுக்குக் காரணம் டெக்னாலஜி இல்ல, வருமானம்.

இதுக்கு ஆதாரம் இருக்கு. ஸ்டப்ஹப்னு அமெரிக்காவுல விளையாட்டு, கச்சேரி டிக்கெட் விற்கிற தளம். 2014ல அவங்க நல்ல பிள்ளையா, ஃபீ சேர்த்த முழு விலையையும் தேடல் பக்கத்துலயே காட்ட ஆரம்பிச்சாங்க. 2015ல ஒரு சோதனை நடந்தது: ஒரு பகுதி பயனர்களுக்கு முழு விலை முதல்லயே, இன்னொரு பகுதிக்கு ஃபீ கடைசியில. ஸ்டீவன் டாடெலிஸ் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் அந்த டேட்டாவை அலசினாங்க. ஃபீயைக் கடைசியில பார்த்தவங்க சுமார் 20% அதிகமா செலவழிச்சிருக்காங்க, வாங்கி முடிக்கிற வாய்ப்பும் 14% கூட. இதுல கவனிக்க வேண்டியது, அவங்க ஃபீயை மட்டும் கூடுதலா கட்டல. விலை கம்மியா தெரிஞ்சதால இன்னும் நல்ல, இன்னும் காஸ்ட்லியான சீட்டையும் எடுத்திருக்காங்க. ஸ்டப்ஹப் அந்த வருஷமே பழைய முறைக்குத் திரும்பிடுச்சு.

அதனால "நேர்மையான கம்பெனி தானே ஜெயிக்கும்"னு என்னால சொல்ல முடியல. பக்கத்துக் கடைக்காரர் 1,499னு போர்டு வெச்சா, 1,758னு போர்டு வெச்ச கடைக்கு யார் போவா? எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஒரே விதி வந்தாத்தான் இது மாறும். அமெரிக்காவுல 2025 மே 12 முதல் டிக்கெட்டுக்கு அப்படி ஒரு விதி அமலுக்கு வந்தது. நம்ம நாட்டுலயும் 2023 நவம்பர் 30ல டார்க் பேட்டர்ன் வழிகாட்டு நெறிமுறைகள் அறிவிச்சாங்க. அந்த 13 தந்திரங்கள்ல விலையை சொட்டுச் சொட்டா ஏத்தறதும் ஒண்ணு. 2025 ஜூன்ல, நீங்களே உங்க தளத்தை மூணு மாசத்துல ஆடிட் பண்ணிக்கோங்கன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. ஆடிட் பண்றதே தொழிலா இருக்கிற எனக்கு, அந்த "நீங்களே"ங்கற வார்த்தையைப் படிச்சதும் சிரிப்பு வந்தது.

வரியையும் தேடல் பக்கத்துலயே பிரிச்சுக் காட்டலாம். ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28% இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40%. அடிப்படை விலை 1,000 ரூபாய்னா 1,280 கட்டின இடத்துல இப்ப 1,400. அதே சர்வதேச மேட்ச்னா 500 ரூபாய்க்கு மேல 18%தான், 500 வரைக்கும் வரியே இல்ல. ரெண்டு மேட்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா யோசிச்சு எடுப்போம்.

அடுத்தது ஊர். ஆப் திறந்ததும் எந்த ஊர்னு கேட்குது, லிஸ்ட்ல கள்ளக்குறிச்சி இல்ல. சென்னையைத் தட்டறோம், அதுக்கப்புறம் சென்னை மட்டும்தான் தெரியும். ஆனா நம்ம சேலம் ரோட்டுலயே, ஆத்தூர் தாண்டி வாழப்பாடியில டிஎன்பிஎல் மேட்ச் நடந்திருக்கு. சேப்பாக்கம் தூரத்துல பாதி கூட இல்ல. தம்பிக்கு அது தெரியவே தெரியாது, ஏன்னா தேடல்ல வரல. ஊர் பேருக்குப் பதிலா "என் இடத்துலேருந்து இத்தனை கிலோமீட்டருக்குள்ள"ன்னு ஒரு ஃபில்டர் இருந்தா போதும்.

நேரமும் அப்படித்தான். ராத்திரி 7:30 மேட்ச் முடிய 11 தாண்டும். அதுக்கப்புறம் சேப்பாக்கத்துலேருந்து கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிச்சு, விடிகாலையில கள்ளக்குறிச்சி இறங்கி, வெள்ளிமலைக்கு முதல் பஸ்ஸுக்கு நிக்கணும். இல்லன்னா லாட்ஜ். மதியம் 3:30 மேட்சை மட்டும் காட்டுன்னு கேட்க ஒரு பட்டன் இருந்தா, லாட்ஜ் செலவே மிச்சம். (மதிய மேட்ச்ல வெயில் எந்த ஸ்டாண்டுல அடிக்கும்னும் காட்டினா கும்பிட்டு வாங்கிப்பேன்.)

தம்பியோட மொத்தக் கணக்கை உட்கார்ந்து போட்டோம். டிக்கெட் 3,517, பஸ், சாப்பாடு, ஒரு ராத்திரி லாட்ஜ், ஒரு ஜெர்சி. ரெண்டு பேருக்கும் சேர்த்து 8,000 தாண்டிடுச்சு, அதுல பெரும்பகுதி இவன் கிரெடிட் கார்டுல. மேட்ச் எப்படி இருந்ததுன்னு கேட்டேன். "சூப்பர்ணா"ன்னான். அடுத்த தடவை ஆப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி, வீட்டு வாசல்லேருந்து திரும்ப வாசல் வரைக்கும் ஆகிற தொகையை ஒரு பேப்பர்ல எழுதி, அதுலேருந்து பின்னாடி கணக்குப் போட்டு, ஃபில்டர்ல 1,500க்குப் பதிலா 1,200 போடச் சொல்லியிருக்கேன். வாழப்பாடிக்கு டிஎன்பிஎல் வந்தா என்னையும் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கான், பைக்ல.