வந்தோர் இசைத்த நகரம்

ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னா, தான்யூப் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது. இசைக்கும் ஓவியத்துக்கும் உலகப்புகழ் பெற்ற அந்நகரைக் காண ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். அவர்களுள் பலர் பேருந்தில் அமர்ந்தவாறே அரண்மனைகளையும் மாளிகைகளையும் இரண்டு நாள்களில் பார்த்து முடித்து, பேரரசர்கள் ஆக்கிய நகரம் இது என்னும் எண்ணத்தோடு திரும்புகின்றனர். முதுகில் ஒரு பையைச் சுமந்து, எளிய விடுதியில் தங்கி, தெருத்தெருவாக நடந்து காணும் பயணியோ வேறோர் உண்மையை உணர்கிறார். வியன்னாவை இசை நகராக்கியோருள் பலர் வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவர்களே. அதனை அறிவதே அப்பயணத்தின் தலையாய பயன் எனலாம்.

பழைய வியன்னா நடந்து காண்பதற்கு ஏற்ற நகரம். அதனைச் சூழ்ந்திருந்த கோட்டை மதிலை இடிக்குமாறு பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1857ஆம் ஆண்டு ஆணையிட்டார். மதில் இருந்த இடத்தில் 'ரிங்' எனப்படும் அகன்ற சாலை அமைந்தது. அச்சாலையையும் அதற்குள் அடங்கிய குறுந்தெருக்களையும் ஒரே நாளில் சுற்றிவர இயலும். பயணியின் கையில் பெரும்பொருள் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஆல்ப்ஸ் மலையூற்று நீர் 1873ஆம் ஆண்டு முதல் குழாய்வழி நகருக்கு வருகிறது. தெருக்குழாய்களில் அதனை விலையின்றிப் பருகலாம். அரசு அருங்காட்சியகங்களில் 19 வயது நிரம்பாதோருக்கு நுழைவுக்கட்டணம் இல்லை. 1869ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அரசு ஆப்பரா அரங்கில், நின்றுகொண்டு கேட்போருக்கெனக் குறைந்த கட்டணத்தில் இடங்கள் உள்ளன. கைப்பிடிக் கம்பியில் கழுத்துத் துணியைக் கட்டித் தம் இடத்தைக் குறித்துவைப்பது அங்கே வந்தோரின் வழக்கமாக இருந்தது.

நகரின் நடுவே புனித ஸ்டீபன் பேராலயம் உயர்ந்து நிற்கிறது. ஹைடன் என்னும் சிறுவன் ரோராவ் என்ற சிற்றூரில் பிறந்து, ஏறத்தாழ எட்டு வயதில் இப்பேராலயப் பாடகர் குழுவில் சேர்ந்தான். வளர்ந்து குரல் உடைந்தபோது அவனுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. கையில் காசின்றி வெளியேறிய அவன், மாடி அறையொன்றில் குடியிருந்து, சிறுவர்க்கு இசை கற்பித்துப் பிழைத்தான். பிற்காலத்தில் ஐரோப்பா முழுவதும் போற்றிய இசைமேதை அவனே.

பேராலயத்துக்கு அருகிலுள்ள டோம்காசே என்னும் தெருவில் மோட்சார்ட் 1784 முதல் 1787 வரை வாழ்ந்த வீடு இன்றும் உள்ளது. அவர் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். அங்கே பேராயரிடம் பணியாளாக இருக்க மனமின்றி, 1781ஆம் ஆண்டு தம் 25ஆம் வயதில் வியன்னாவில் குடியேறினார். பேத்தோவன் 1792ஆம் ஆண்டு ஜெர்மனியின் பான் நகரிலிருந்து வந்தார். அவர் மாறி மாறிக் குடியிருந்த வீடுகள் பல. அவற்றுள் சில நகரின் புறத்தே, தோட்டங்களுக்கு நடுவே உள்ளன. அங்குச் செல்லும் வழியில் நடப்பவருக்கு, செவித்திறன் குன்றிவந்த ஒரு மனிதர் எவ்வாறு இசையை விடாது பற்றிக்கொண்டார் என்னும் வியப்பு எழும். பிராம்ஸ் ஹாம்பர்க் நகரத்தவர். ஷூபர்ட் வியன்னாவிலேயே பிறந்தவர் எனினும், அவருடைய தந்தை மொராவியாவிலிருந்தும் தாய் சைலீசியாவிலிருந்தும் வந்தோர் ஆவர்.

ஓவியத்திலும் இதுவே நிலை. மேல் பெல்வெடர் மாளிகையில் உள்ள 'முத்தம்' என்னும் ஓவியத்தில் கிளிம்ட் பொற்தகடுகளைப் பதித்துள்ளார். அவருடைய தந்தை பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறிய பொன் செதுக்குக் கலைஞர். பிழைக்க வந்த தந்தையின் கைத்தொழில், மகனின் கையில் உலகக் கலையாயிற்று.

கலையை வளர்த்தவர்கள் மன்னரும் பிரபுக்களும் அல்லரோ எனச் சிலர் கேட்கலாம். அவர்கள் பொருள் வழங்கியது உண்மையே. அதனை மறுத்தல் நன்றி மறத்தலாகும். ஆயினும் பொன்னும் பொருளும் நிறைந்த அரசவைகள் ஐரோப்பாவில் வேறு பலவும் இருந்தன. வியன்னா, பாடல் இயற்றுவோர்க்கு நல்லாசிரியர்களையும், நூல் அச்சிடுவோரையும், இசைப்பதில் வல்ல குழுவினரையும், கூர்ந்து கேட்கும் மக்களையும் ஒருங்கே அளித்தது. பொருளைவிட இவ்வரவேற்பே பெரிது. 1827ஆம் ஆண்டு பேத்தோவன் மறைந்தபோது, வெளியூரில் பிறந்த அவருடைய இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரம் வியன்னா மக்கள் திரண்டனர்.

அந்நகர் எல்லாரையும் எக்காலத்தும் ஒருபடித்தாக ஏற்றதென்று கூறுதல் பொய்யாகும். பொஹீமியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த மாலர், 1897ஆம் ஆண்டு ஆப்பரா அரங்கின் தலைமைப் பதவியைப் பெறுவதற்காக மதம் மாற நேர்ந்தது. 1938ஆம் ஆண்டு ஹிட்லரின் ஆட்சி ஆஸ்திரியாவை விழுங்கியபோது, யூத இசைக்கலைஞர்கள் இசைக்குழுக்களினின்று நீக்கப்பட்டனர். பலர் நாட்டைவிட்டு ஓடினர். ஓட இயலாதோர் கொலைமுகாம்களில் மாண்டனர். பழைய நகரின் யூதர் சதுக்கத்தில் 2000ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட நினைவுச்சின்னம் ஒரு நூலகத்தின் வடிவில் உள்ளது. அதன் புத்தகங்களின் முதுகுகள் உட்புறம் திரும்பியுள்ளமையால் ஒன்றன் பெயரையும் படிக்க இயலாது. அதன் கதவுகளைத் திறக்கவும் இயலாது. கொல்லப்பட்ட 65,000க்கும் மேற்பட்ட ஆஸ்திரிய யூதர்களை அது நினைவூட்டுகிறது. வந்தோரை ஏற்றபோது அந்நகர் அடைந்த பெருமையையும், தன் மக்களையே அயலார் என ஒதுக்கியபோது அடைந்த இழிவையும், நடந்து செல்பவர் ஒரே நாளில் காண்கிறார்.

முதுகுப்பைப் பயணம் இளைஞர்க்கே இயலும். முதியோர்க்கும் உடல்நலம் குன்றியோர்க்கும் பேருந்தே துணை என்பர். அது நியாயமான கூற்றே. இங்கு வலியுறுத்தப்படுவது பை அன்று, பொறுமையே. டிராம் வண்டியில் செல்பவரும் ஒரு நிறுத்தத்தில் இறங்கி, ஒரு வீட்டின் சுவரிலுள்ள பெயர்ப்பலகையை நின்று படிக்கலாம். ஒரு நாளில் பத்து இடங்களைப் படம் பிடிப்பதைவிட, ஓர் ஓவியத்தின் முன் அரைமணி நேரம் நிற்பது மேலானது. பையைச் சுமப்பவருக்கும் கடமை உண்டு. அருங்காட்சியகத்தில் அதனை வாயிலில் ஒப்படைத்துவிட்டே உள்ளே செல்லவேண்டும். தங்கும் தெருவில் இரவில் அமைதி காக்கவேண்டும். விருந்தினராய் வந்தவர் வீட்டாரின் துயிலைக் கெடுத்தல் ஆகாது.

வேற்றூரில் பிறந்து வளரும் தமிழ் மாணவரைப் பார்த்து, 'உன் ஊர் எது?' எனப் பிறர் கேட்பதுண்டு. விடை கூறத் தயங்கும் அம்மாணவருக்கு வியன்னாவின் வரலாறு உறுதி அளிக்கும். பேத்தோவன் பான் நகரின் மைந்தர். அவரை வியன்னாவும் தன்னவர் என்றே போற்றுகிறது. பிறந்த ஊரும் வாழும் ஊரும் ஒருவருக்கு ஒருங்கே உரியனவாக இருத்தல் கூடும். ஓர் ஊருக்கு உரியவராவது அங்கே பிறப்பதனால் மட்டும் அன்று. அவ்வூருக்கு எதனை அளிக்கிறோம் என்பதனாலும் ஆகும். வந்தவரின் திறனை மதித்து ஏற்கும் ஊர் வளரும். அவரை வாயிலில் நிறுத்தும் ஊர் தன் செல்வத்தையே இழக்கும்.