திரையிடலின் பின் எழும் கேள்விகள் தீவகத்தை எப்போது சென்றடையும்?

2015ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் சர்வதேசத் திரைப்பட விழா ஆரம்பிக்கப்பட்டபோது, மூன்று தசாப்த யுத்தத்தினால் உலக சினிமாவிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த ஒரு நகரத்துக்கு அது புதிய வாசலாக அமைந்தது. திரைப்பட நெறியாளர் அனோமா ராஜகருணா முன்னின்று நடத்தி வந்துள்ள இவ்விழாவில் சிங்கள, தமிழ், தென்னாசிய, மேற்குலகத் திரைப்படங்கள் காட்டப்பட்டுள்ளன. விழாவின் பயனைத் திரைப்படங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அளவிடுவது பொருந்தாது. படத்தை இன்று கைத்தொலைபேசியிலும் பார்த்துவிடலாம். படம் முடிந்து மண்டபத்தில் விளக்கு எரிந்தபின், அதனை எடுத்தவர் எழுந்து நிற்க, பார்த்தவர்கள் அவரை நோக்கிக் கேள்வி கேட்கும் அந்த அரைமணி நேரம் வேறெங்கும் கிடைப்பதில்லை.

இவ்வழக்கம் நமக்கு அந்நியமானதன்று. ஒரு நூல் சபையின் முன் படிக்கப்பட்டு, அறிந்தோர் தடை எழுப்ப, ஆக்கியோன் விடை கூறிய பின்னரே அரங்கேறியதாகக் கொள்ளப்பட்ட மரபு தமிழருடையது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைத் தமது காப்பியமாகப் போற்றும் முஸ்லிம்களுக்கும் அரங்கேற்ற மரபு பொதுவானதே. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனத்தின்போது வாசிப்பவரும் பயன் சொல்பவரும் எதிரெதிரே அமர்வதும், கூத்து முடிந்த மறுநாள் ஊர்ச் சந்தியில் அண்ணாவியார் விமர்சனத்துக்கு முகங்கொடுப்பதும் இதே பண்பின் வேறு வடிவங்களே. எழுத்தாளர் அ. யேசுராசா முதலானோர் ஈடுபட்டிருந்த யாழ். திரைப்பட வட்டம், நல்ல சினிமாவைக் கூடிப் பார்த்துக் கூடிப் பேசும் பழக்கத்தை யுத்தத்துக்கு முன்னரே இங்கு ஏற்படுத்த முயன்றதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆயினும் யுத்தத்தின் பின்னர் இக்கேள்வி நேரம் முன்னில்லாத கனதியைப் பெற்றுள்ளது. நம்மைப் பற்றியும் நமது இழப்புகளைப் பற்றியும் திரைப்படங்கள் வெளிவருகின்றன. அவற்றுட் பல வெளிநாட்டு விழாக்களிற் பரிசு பெறுகின்றன. அங்குள்ள பார்வையாளர் கேட்கும் கேள்விகளும் இங்குள்ளோர் கேட்க விரும்பும் கேள்விகளும் ஒன்றல்ல. எவருடைய வாழ்க்கை திரையில் வருகின்றதோ, அவர்கள் கேட்கும் கேள்விக்கு நெறியாளர் விடையளிக்கும் வரை அப்படத்தின் அரங்கேற்றம் முழுமை பெறவில்லை என்றே கூறவேண்டும்.

இது எவ்வளவு சிக்கலானது என்பதனை 2018ஆம் ஆண்டு நாம் கண்டோம். ஜூட் ரட்ணத்தின் 'டெமன்ஸ் இன் பரடைஸ்' என்ற ஆவணப்படம் 2017இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. 1983 ஜூலை வன்செயலின்போது சிறுவனாகக் கொழும்பிலிருந்து வடக்குக்குத் தப்பிவந்த நெறியாளர், தமிழ் இயக்கங்களிடையே நிகழ்ந்த கொலைகளையும் அப்படத்தில் பேசியிருந்தார். 2018 ஒக்ரோபரில் யாழ்ப்பாண விழாவில் அது திரையிடப்படவிருந்த நிலையில், எழுந்த எதிர்ப்புகளைத் தொடர்ந்து நிகழ்ச்சிநிரலிலிருந்து நீக்கப்பட்டது. அரசு தனது குற்றங்களுக்குப் பொறுப்புக்கூறாதிருக்கும் வேளையில் இத்தகைய படம் அரசுக்கே துணைபோகும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அது இலகுவில் ஒதுக்கிவிடக்கூடிய வாதமன்று. பிள்ளைகளைத் தேடி வீதியில் அமர்ந்திருக்கும் தாய்மாரின் முன் அவ்வாதத்துக்கு நியாயமுண்டு. ஆனால் அதனை எடுத்துரைப்பதற்கு மிகப் பொருத்தமான இடம் திரையிடலின் பின்னரான கேள்வி நேரமே. நெறியாளரை முன்னால் நிறுத்தி, "நீர் எதைச் சொன்னீர், எதைச் சொல்லாமல் விட்டீர்?" என்று கேட்டிருக்கலாம். படம் நீக்கப்பட்டதனால், யாழ்ப்பாணத்து மக்கள் அதனைப் பாராமலே ஒரு முடிவுக்கு வர நேர்ந்தது. நெறியாளருக்கும் கடினமான கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டிய தேவை இல்லாது போயிற்று.

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' திரைப்படம் 2000ஆம் ஆண்டு அரசினால் தடுக்கப்பட்டதும், 2001இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பினால் அத்தடை நீங்கியதும் இங்கு நினைவுகூரத்தக்கவை. போரில் மாண்ட சிங்களச் சிப்பாய் ஒருவனின் முத்திரையிடப்பட்ட சவப்பெட்டியைப் பற்றிய அப்படத்தைத் தென்னிலங்கை பார்க்கக் கூடாதென அரசு கருதியதை நாம் தவறென்றோம். அதே அளவுகோலை நம்மை நோக்கியும் பயன்படுத்தவேண்டியது நேர்மையாகும்.

மறுபுறத்தில், கேள்வி நேரம் இருந்தால் மட்டும் போதுமா என்ற வினாவும் எழுகின்றது. அதே விதானகேயின் 'ஒப நதுவா ஒப எக்கா' திரைப்படம் 2014 ஜூன் மாதம் சென்னையில் திரையிடப்பட்டபோது, எதிர்ப்பு மிரட்டல்களினால் திரையரங்கிலிருந்து அகற்றப்பட்டது. தமிழ்ப் பெண் ஒருத்திக்கும் முன்னாட் சிங்களச் சிப்பாய் ஒருவனுக்கும் இடையிலான மணவாழ்வைச் சொல்லும் அப்படம், படையினரின் குற்றத்தை மறைத்த படமன்று. அந்நகரில் அதனையொட்டி நடந்த கலந்துரையாடலும் உரையாடலாக அமையாது, நெறியாளரை அவரது இனத்துக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் போக்குக்கு உள்ளானதாக அப்போது பலர் எழுதினர். கேள்வி கேட்பது வேறு, வசைபாடுவது வேறு. விடையை எதிர்பார்த்துக் கேட்பதே கேள்வி. யாழ்ப்பாணத்தில் கேள்விக்கு இடமளிக்கப்படவில்லை; சென்னையிலோ கேள்வியே தாக்குதலாக மாறியது. இரண்டிலும் இழந்தவர்கள் பார்வையாளர்களே.

இவ்விரு தவறுகளையும் தவிர்த்து, ஒழுங்கான உரையாடல் மண்டபமொன்று யாழ். நகரில் அமைகின்றதென்றே வைத்துக்கொள்வோம். அங்கு யார் அமர்ந்திருப்பார்கள்? பல்கலைக்கழக மாணவர், எழுத்தாளர், கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தோர், அரசசார்பற்ற நிறுவனங்களைச் சேர்ந்தோர். தீவகத்து மக்கள் இருப்பார்களா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

கொழும்புக்காரருக்கு யாழ்ப்பாணம் சிறு பட்டினமாகத் தோன்றலாம். நெடுந்தீவில் வாழ்பவருக்கோ அது பெருநகரம். யாழ். நகரிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய 30 கிலோமீற்றருக்கு மேல் பயணஞ் செய்யவேண்டும். அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் ஏறத்தாழ இருபது நிமிடங்கள்; நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. இரவில் தொடங்கும் திரையிடலுக்கும் அதன் பின்னரான உரையாடலுக்கும் இருந்துவிட்டு வீடு திரும்ப அவர்களுக்கு வழியில்லை. நகரில் உறவினர் இல்லாதவர் விடுதிக்குப் பணம் கட்டவேண்டும். பெண்களுக்கும் மாணவருக்கும் அதுவும் இயலாது. அனலைதீவு, எழுவைதீவு மக்களின் நிலையும் இதுவே. பாலத்தால் இணைந்த ஊர்காவற்துறைக்கும் வேலணைக்கும்கூட இரவில் பஸ் கிடைப்பது அரிது. ஆகவே நுழைவுச்சீட்டு இலவசமாக இருந்தாலும், படகு நேர அட்டவணை அவர்களை மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிடுகின்றது.

இதிலுள்ள முரண் யாதெனில், ஈழத்துத் திரைப்படத்துக்குத் தீவகம் வழங்கிய பங்கு சிறிதன்று என்பதாகும். 1978இல் வெளிவந்த 'வாடைக்காற்று' திரைப்படத்துக்கு மூலமான செங்கை ஆழியானின் நாவல், நெடுந்தீவில் வாடி அமைத்துத் தொழில்செய்யும் மீனவரின் வாழ்வைக் களமாகக் கொண்டது. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற, ஜாக் ஒடியாரின் 'தீபன்' படத்தில் முதன்மைப் பாத்திரமேற்ற ஷோபாசக்தி அல்லைப்பிட்டியைச் சேர்ந்தவர். கான் நகரில் உலகப் பத்திரிகையாளர் கேட்ட கேள்விகளுக்கு அவர் விடையளித்தார். அவை அகதி வாழ்வையும் பிரான்சின் புறநகரையும் பற்றியவை. 1990இலும் பின்னர் 2006இலும் பெரும் அழிவுகளைச் சந்தித்த அல்லைப்பிட்டியிலே ஒருவர் எழுந்து கேட்கும் கேள்வி வேறாகவே இருக்கும். தாம் விட்டுச்சென்ற ஊரைப் பற்றியே அவர் முதலில் கேட்பார்.

புலம்பெயர் நாடுகளின் நிலையும் நோக்கத்தக்கது. லெனின் எம். சிவத்தைப் போன்ற கனடியத் தமிழ் நெறியாளர்களின் படங்களை ரொறன்ரோவிற் பார்த்து, அவர்களுடன் உரையாடும் வாய்ப்பு அங்கு குடியேறிய புங்குடுதீவார் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டு. புங்குடுதீவிலேயே தங்கிவிட்ட பெற்றோருக்கு அது இல்லை.

இன்று நெடுந்தீவுக்குக் கமராவுடன் வருவோர் தொகை பெருகியுள்ளது. குதிரைகள், பெருக்கமரம், கோறைக்கல் வேலிகள், ஒல்லாந்தர் கட்டடங்கள் ஆகியன ஆகாயத்திலிருந்தும் தரையிலிருந்தும் படமாக்கப்படுகின்றன. இக்காட்சிகளினூடே மக்கள் வெறும் பின்னணியாகி விடுகின்றனர். எடுத்த படத்தை அங்கேயே காட்டவேண்டும், காட்டியபின் நின்று விடை சொல்லவேண்டும் என்ற கடப்பாடு இருந்தால், குடிநீருக்காக மக்கள் படும் பாட்டில் ஒரு காட்சிதானும் ஏன் இல்லை என்று அவ்வூர்ப் பெண்ணொருத்தி கேட்பாள். 1985 மே 15ஆந் திகதி குமுதினிப் படகில் 20க்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்ட கடல்வழியே அழகிய காட்சியாக வரும்போது, அவ்வழியால் இன்றும் போய்வரும் உறவினர் அது பற்றி ஒரு வார்த்தையேனும் எதிர்பார்ப்பர். அத்தகைய கேள்வியை எதிர்நோக்கப் போகிறோமென்று அறிந்த நெறியாளர் தமது படத்தையே வேறுவிதமாக எடுப்பார். கேள்வி நேரத்தின் மெய்யான பயன் இதுவே.

இவ்விடத்தில் முஸ்லிம் மக்களைப் பற்றியும் பேசவேண்டியுள்ளது. 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த தமிழர் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து குடாநாட்டுக்குள் வந்தனர். ஓரிரு மாதங்களின் பின், ஒக்ரோபர் 30ஆந் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். ஒரே ஆண்டில், ஒரே நிலப்பரப்பில், இரு மக்கட் கூட்டத்தினர் வீட்டைப் பூட்டிச் சாவியுடன் நடந்தனர். ஒருவரின் இடப்பெயர்வுக் கதையை மற்றவர் முழுமையாகக் கேட்டதில்லை. முஸ்லிம்களின் வெளியேற்றத்தைத் தமிழர் தமது பொது மேடைகளிற் பேசத் தயங்குகின்றனர். தீவகத் தமிழர் அடைந்த இழப்பைப் புத்தளத்தில் வளர்ந்த முஸ்லிம் இளைஞர் பெரும்பாலும் அறியார்.

இம்மௌனத்தைக் கலைக்கக்கூடிய படங்கள் இல்லாமலில்லை. விதானகேயின் 'இர மதியம' தன் மூன்று கதைகளுள் ஒன்றில், வெளியேற்றப்படும் முஸ்லிம் குடும்பத்துச் சிறுவன் தன் நாயை விட்டுப் பிரியமுடியாமல் தவிப்பதைக் காட்டுகின்றது. பேராசிரியர் சுமதி சிவமோகன், மன்னார் மாவட்டத்தின் பாலைக்குளி முஸ்லிம்கள் ஊர் திரும்பியதைப் பற்றி ஆவணப்படம் எடுத்துள்ளார். அம்மன் கோயிலும் நாக விகாரையும் பள்ளிவாசலும் ஒரே சிறு தீவில் அமைந்துள்ள நயினாதீவை விட இத்தகைய படங்களைக் காட்டுவதற்குப் பொருத்தமான இடம் வடக்கில் அரிது. சோனகத் தெருவுக்குத் திரும்பியோரையும் அங்கு அழைத்து, தீவகத்தாருடன் ஒரே மண்டபத்தில் இருத்தினால், கேள்விகள் நெறியாளரை நோக்கித் தொடங்கினாலும், சற்று நேரத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கேட்கத் தொடங்குவர். அங்கு கோபமும் இருக்கும், கண்ணீரும் இருக்கும். நல்லிணக்கம் என்ற பெயரில் நடக்கும் பல கூட்டங்களில் இவ்விரண்டும் இருப்பதில்லை.

இதற்கு ஆட்சேபங்கள் எழலாம். ஆறாத காயத்தைக் கிளறுவதாகுமென்பது ஒன்று. காயத்தைப் பற்றிய படத்தைப் பாரிஸிலும் கொழும்பிலும் காட்டிவிட்டு, காயப்பட்டவருக்கு மட்டும் மறைப்பது அவர்களைப் பாதுகாப்பதாகாது. பார்ப்பதா, எழுந்து செல்வதா என்ற தீர்மானத்தை அவர்களிடமே விடுவோம். செலவு பற்றியது மற்றைய ஆட்சேபம். ஒளியெறி கருவியும் திரையும் ஒலிபெருக்கியும் படகில் ஏற்றக்கூடிய பொருட்களே. மண்டபத்துக்குப் பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் உள்ளன.

ஆகவே சில நடைமுறை யோசனைகளை முன்வைக்கலாம். முதலாவது, யாழ். விழாவுக்கு வரும் படங்களுட் சிலவேனும் நெறியாளருடன் ஊர்காவற்துறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களுக்குச் செல்லவேண்டும். திரையிடல் பகலில் அமைந்து, கடைசிப் படகுக்கு முன் உரையாடல் நிறைவுறவேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரமும் கோயிற் திருவிழா நாட்களும் தவிர்க்கப்படவேண்டும். இரண்டாவது, சிங்கள நெறியாளரின் விடையைப் பொழிப்பாக அன்றி முழுமையாகத் தமிழில் தரவல்ல மொழிபெயர்ப்பாளர் இருத்தல் அவசியம். உரையாடல் ஆங்கிலத்தில் நிகழ்ந்தால் மண்டபத்தின் பாதி வாய்மூடிவிடும். மூன்றாவது, எழுந்து பேச அஞ்சுவோரும் கூச்சப்படுவோரும் பெயர் குறிப்பிடாது கேள்வியைத் துண்டில் எழுதிக் கொடுக்க இடமளிக்கவேண்டும். யாரும் யாரையும் கண்காணிக்கும் பழக்கத்தில் நீண்டகாலம் வாழ்ந்த சமூகத்துக்கு இது சிறு விடயமன்று. நான்காவது, நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்துறை, காரைநகர் பிரதேச சபைகள் மண்டபத்தையும் மின்சாரத்தையும் வழங்குவதோடு நின்று, எந்தப் படம் காட்டப்படவேண்டுமென்ற தீர்மானத்தில் தலையிடாதிருக்கவேண்டும்.

இவையனைத்தும் பெருந்திட்டங்களல்ல. இவற்றுக்கு விழா ஏற்பாட்டாளரின் மனமும், நெறியாளரின் துணிவும், பார்வையாளரின் பொறுமையுமே தேவை. படம் பிடிக்கவென்று குறிகட்டுவானில் படகேறுவோர் பலர். பிடித்த படத்தை எடுத்துக்கொண்டு அதே படகில் மீண்டும் ஏறி, "பார்த்துவிட்டுக் கேளுங்கள்" என்று தீவக மக்களின் முன் வந்து நிற்பவர்களையே அம்மக்கள் எதிர்பார்க்கின்றனர்.